நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் ஜெயித்த மாதிரி காட்டிக்கொள்வது தப்பா?

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனத்திலும் பார்ட் டைமாக இருக்கிறேன். வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் என் அப்லைன், அதாவது என்னை இதில் சேர்த்துவிட்டவர், "மாசம் அறுபதாயிரம் வருதுன்னு சொல்லு, கோட் போடு, கார் பக்கத்துல நின்னு ஸ்டேட்டஸ் வை, ஜெயிச்ச மாதிரி நடந்துக்கிட்டாதான் ஜெயிக்க முடியும்" என்கிறார். விசிட்டிங் கார்டில் 'வெல்னஸ் கோச்' என்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு சர்க்கரை நோய் இருக்கும் என் பெரியம்மா என்னிடம் ஆலோசனை கேட்கிறார். எல்லாத் தொழிலிலும் ஆரம்பத்தில் கொஞ்சம் காட்டிக்கொள்ளத்தானே வேண்டியிருக்கிறது? இதில் என்ன தப்பு?

பதில்:

தம்பி, நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் இருக்கும் துறையில் 'லீடர்' என்று மேடை ஏறுகிறவர்களின் வங்கி ஸ்டேட்மென்டும் என் மேஜைக்கு வரும். அதனால் இந்த விஷயத்தை வெளியில் தெரிகிற பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம். ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன்.

எல்லாத் தொழிலிலும் கொஞ்சம் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். உண்மைதான். புதிதாக ஜவுளிக்கடை திறப்பவர் கடன் வாங்கியாவது ஏசி போடுகிறார், வாசலில் சீரியல் விளக்கு கட்டுகிறார். அதைப் பார்த்து ஒருவர் உள்ளே வந்தாலும் காசு கொடுப்பது சேலைக்குத்தான். சேலையைத் தொட்டுப் பார்க்கலாம், பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடலாம், பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். கடைக்காரர் லாபத்தில் இருக்கிறாரா நஷ்டத்தில் இருக்கிறாரா என்பது சேலை வாங்குகிறவருக்குத் தேவையில்லாத விஷயம்.

நீங்கள் ஒருவரை உட்காரவைத்து பிளான் காட்டும்போது நிலைமை வேறு. எதிரில் இருப்பவர் பன்னிரண்டாயிரமோ இருபதாயிரமோ கட்டி ஐடி போடுவது, அதாவது உறுப்பினராகச் சேர்வது, புரோட்டீன் டப்பாவின் ருசிக்காக இல்லை. "இவனும் நம்மை மாதிரி சம்பளக்காரன்தான், இவனுக்கு அறுபதாயிரம் வருதுன்னா நமக்கும் வரும்" என்ற கணக்கில்தான் அவர் பணத்தை எடுக்கிறார். உங்கள் வருமானம்தான் அங்கே விற்பனையாகிற சரக்கு. அந்த எண் பொய்யென்றால் அவர் வாங்கியதே பொய். அவர் கட்டிய பணத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் உங்கள் அப்லைனுக்கும் வருகிறது. தன்னம்பிக்கை என்று பெயர் வைத்தாலும் நடப்பது இதுதான்.

இந்த யோசனை உங்கள் அப்லைன் சொந்தமாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகிவிட்ட பழைய வித்தை இது. அமெரிக்காவில் கிளென் டர்னர் என்று ஒருவர் இருந்தார். தெற்குக் கரோலினாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பிளந்த உதட்டோடு பிறந்தவர், வீடு வீடாகப் போய் தையல் மிஷின் விற்றவர். 1967இல் ஃபுளோரிடாவில் காஸ்காட் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கினார். அப்புறம் 'டேர் டு பி கிரேட்' என்ற பெயரில் தன்னம்பிக்கைப் பாடங்களை விற்றார். 'அட்வென்ச்சர் 1' என்றால் 300 டாலர். ஒரு டேப் ரெக்கார்டர், பன்னிரண்டு ஒலிநாடாப் பாடங்கள், கொஞ்சம் அச்சிட்ட காகிதங்கள். 'அட்வென்ச்சர் 4' என்றால் 5,000 டாலர். வாங்கியவர் அடுத்த ஆளைக் கூட்டிவந்தால் அந்தப் பணத்தில் பங்கு.

1973இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் திட்டத்தை விசாரித்துத் தீர்ப்பு எழுதியது. அங்கே நடந்த கூட்டங்களை நீதிபதிகள் விவரித்திருப்பதைப் படித்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் ஹால்தான் கண்முன் வரும். எங்கு பார்த்தாலும் பணம், ஆடம்பரக் கார்கள், ஆரவாரம், ஏழையாகப் பிறந்து கோடீஸ்வரரான டர்னரின் கதையைச் சொல்லும் படம், கூட்டம் முடிந்ததும் புதிதாக வந்தவரைச் சுற்றி நின்று நெருக்குவது. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் தீர்ப்பில் இருக்கிறது: 'ஃபேக் இட் டில் யூ மேக் இட்'. அதாவது, பணம் வருகிறவரை வந்துவிட்ட மாதிரி நடி.

அந்தத் தீர்ப்பில் ஒரு இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்தத் திட்டத்தில் சேருகிறவர் மூன்று விஷயங்களை முதலீடு செய்கிறார் என்கிறது நீதிமன்றம். ஒன்று, கட்டிய பணம். இரண்டு, ஆள் தேடி கூட்டத்துக்கு அழைத்துவரும் உழைப்பு. மூன்று, தான் வசதியானவன் என்ற தோற்றத்தை உண்டாக்க அவருக்கு ஆகும் செலவு. நடிப்புக்கான செலவை ஒரு முதலீடாகவே நீதிபதிகள் கணக்கில் எழுதினார்கள். உங்கள் அப்லைன் காட்டும் பிளானில் இந்த மூன்றாவது வரி மட்டும் இருக்காது.

அந்த வரியை நீங்களே ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கோட்டு, ஷூ, டை. வாராவாரம் செமினார் டிக்கெட். வெளியூர் கன்வென்ஷன் என்றால் பஸ், ரூம், சாப்பாடு. ஆளைச் சந்திக்க நல்ல கடையில் காபி, பில் உங்களுடையது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு மாதக் கடைசியில் வருகிறது. ரேங்க் போய்விடக் கூடாது என்று பிவி (சரக்குக்குக் கிடைக்கும் புள்ளி) போதாத மாதத்தில் நீங்களே சரக்கு எடுப்பது. டவுன்லைனில், அதாவது உங்களுக்குக் கீழே சேர்ந்து, இருப்பவர் வாங்காவிட்டால் அவர் ஐடியில் உங்கள் காசைப் போட்டு ஆர்டர் செய்வது. இந்தத் துறையில் இருப்பவர்களின் ஸ்டேட்மென்டைப் புரட்டினால் 28, 29, 30 தேதிகளில் அதே நிறுவனத்துக்கு வரிசையாகப் பணம் போயிருக்கும். அதில் பாதி கிரெடிட் கார்டில் இருக்கும். அடுத்த மாதம் கமிஷன் என்று வரும் தொகை, போன தொகையைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் ஸ்டேட்டஸில் ஏறுவது அந்தக் கமிஷன் வந்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.

ஸ்கிரீன்ஷாட் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொல்கிறது. மேடையில் தூக்கிப் பிடிக்கும் அந்தப் பெரிய அட்டைக் காசோலையும் அப்படித்தான். அதில் எழுதியிருப்பது பல சமயம் இத்தனை வருடத்தில் வாங்கிய மொத்தம், அதுவும் செலவைக் கழிக்காதது. காரும் அப்படித்தான். பல நிறுவனங்களில் 'கார் ஃபண்ட்' என்பது அந்த ரேங்க் நிற்கும் மாதங்களுக்கு மட்டும் வரும் தொகை. லோன் உங்கள் பெயரில். ரேங்க் விழுந்த மாதம் தவணையும் உங்கள் தலையில்.

இந்த நடிப்பு இவ்வளவு நாள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது தெரியுமா? ஹாலில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரும் கோட்டு போட்டிருக்கிறார்கள், இருநூறு பேரும் கை தட்டுகிறார்கள். உங்களுக்கு மட்டும் காசு வரவில்லை என்று தோன்றும். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அதேதான் தோன்றும். ஆனால் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் வாயைத் திறக்க முடியாது. "நெகட்டிவ்வா பேசாதே" என்பது அங்கே முதல் விதி. அதனால் தோல்வி எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், அவரவர் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். 'நான்தான் சரியாக உழைக்கவில்லை' என்று அடுத்த செமினாருக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்.

அந்த மூடியை ஒருமுறை திறந்து பார்த்தார்கள். 1982இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசு ஆம்வே என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது, அந்த மாநிலத்தில் 'டைரக்ட்' என்ற நிலைக்கு உயர்ந்திருந்த விநியோகஸ்தர்களின் வரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தது. இவர்கள் அடிமட்டத்தில் இருந்தவர்கள் இல்லை. மேலே இருந்த சுமார் ஒரு சதவீதம். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். செலவைக் கழித்த பிறகு அவர்களின் சராசரி, ஆண்டுக்கு 918 டாலர் நஷ்டம். மேடையில் நின்றவர்களே கைக்காசைப் போட்டுத்தான் நின்றிருக்கிறார்கள்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1979இல், அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்வே ஒரு சட்டவிரோத பிரமிட் திட்டம் (ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் திட்டம்) அல்ல என்று முடிவு சொன்னது. எல்லா செமினாரிலும் இந்தப் பாதியைச் சொல்வார்கள். அதே முடிவில், வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னது தவறு என்றும் இருக்கிறது. அந்த மீதிப் பாதியை எந்த மேடையிலும் சொல்லிக் கேட்டதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று உங்கள் அப்லைன் சொல்லலாம். சரி, புதியதைப் பார்ப்போம். 2016இல் ஹெர்பாலைஃப் என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனம் இதே ஃபெடரல் டிரேட் கமிஷனோடு 20 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மாளிகை, கார், வேலையை விட்டுவிட்டு வாழும் சொகுசு வாழ்க்கை என்று காட்டி ஆள் சேர்த்தது முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த மாதிரி காட்டவே கூடாது என்று உத்தரவில் எழுதினார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கமிஷனின் அலுவலர்கள் 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்டிருந்த வருமான அறிக்கைகளைப் படித்து ஓர் அறிக்கை தந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஆயிரம் டாலர் அல்லது அதற்கும் கீழே, அதாவது மாதத்துக்கு 84 டாலர்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் செலவைக் கழிக்காத கணக்கு. குறைந்தது 17 நிறுவனங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பைசாவும் வரவில்லை. நிறுவனங்கள் தங்கள் கையால் எழுதிக்கொடுத்த எண்களே இந்த லட்சணத்தில் இருக்கின்றன.

இப்போது 'வெல்னஸ் கோச்' விஷயத்துக்கு வருகிறேன். வருமானப் பொய்யைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அங்கே போவது பணம். இங்கே ஒரு மனிதரின் உடம்பு.

ஒரு வாரப் பயிற்சி, சில ஜூம் கூட்டம், கையில் ஒரு மெஷின். அவ்வளவில் ஒருவர் கோச் ஆகிவிடுகிறார். அந்த மெஷின்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்று, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. உடம்பில் லேசான மின்சாரம் செலுத்தி கொழுப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு சொல்லும். தண்ணீர் குடித்த பிறகு பிடித்தால் ஒரு எண், குடிக்காமல் பிடித்தால் இன்னொரு எண் வரலாம். அதில் 'பாடி ஏஜ் 51' என்று வந்ததும் முப்பத்தெட்டு வயதுக்காரர் முகம் வெளிறிப்போகும். அந்தப் பயத்தில்தான் டப்பா விற்கிறது. இன்னொன்று, 'குவாண்டம் அனலைசர்'. ஒரு உலோகக் குச்சியை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தால் கல்லீரல், கிட்னி, இதயம், எலும்பு எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வரும். ரத்தம் எடுக்காமல், ஸ்கேன் எடுக்காமல், உள்ளங்கையில் பிடித்த குச்சியை வைத்து அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. அந்த மெஷினை நீங்கள் தொடாமல் இருந்தால் நல்லது.

உங்கள் பெரியம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "பெரியம்மா, நான் டாக்டர் இல்லை. இந்த கார்டு கம்பெனி அடிச்சுக் கொடுத்தது. மாத்திரையை நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க. இந்தப் பவுடரைச் சாப்பிடலாமான்னு உங்க டாக்டர்கிட்ட டப்பாவையே காட்டிக் கேளுங்க." சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதித்திருந்தால் கூடுதல் புரோட்டீனே கெடுதலாகலாம். சில மூலிகைப் பொருட்கள் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். இன்சுலின் போடுகிறவர் அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. "எங்க டவுன்லைன்ல ஒருத்தர் மாத்திரையையே விட்டுட்டார்" என்று மேடையில் சொல்லும் கதையை நம்பி ஒருவர் மாத்திரையை விட்டால், பிறகு ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கப்போவது அப்லைன் இல்லை, நீங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் ஊட்டச்சத்துப் பொருட்களின் லேபிளில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை அச்சிட்டுவிட்டது. 'சுகர் போயிடும்' என்று வாயால் சொல்வது நீங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம் இவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. மாட்டினால் "எங்கள் விற்பனையாளர் தன் இஷ்டத்துக்குச் சொன்னது, நாங்கள் சொல்லச் சொல்லவில்லை" என்று கம்பெனி கைகழுவிவிடும்.

சட்டம் என்றதும் இன்னும் இரண்டு. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கென்று தனி விதிகள் வந்தன. விற்கப் போகிறவர் பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டி நேரம் கேட்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. "சும்மா ஒரு காபிக்கு வா மச்சான், ஒரு பெரிய ஆளை அறிமுகப்படுத்துறேன்" என்று கம்பெனி பெயரை மறைத்து அழைக்கச் சொல்லியிருப்பார்களே, அது இந்த விதிக்கே எதிரானது. இன்னொன்று, பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டம். பொருள் வெறும் சாக்காக இருந்து, ஆள் சேர்ப்பதில்தான் பணம் என்றால் அந்தத் திட்டம் இதில் மாட்டும். நடத்துகிறவர் மட்டும் இல்லை, ஆள் சேர்க்கிறவரும் பங்கேற்கிறவரும் சட்டத்துக்குள் வருகிறார்கள். மூன்று வருடம் வரை சிறை.

உங்கள் நிறுவனம் எந்த ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அப்லைனிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைக் கேளுங்கள். கமிஷன் கொடுக்கும் நிறுவனம் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்தாக வேண்டும். பிடித்தது அவருடைய பான் எண்ணில் ஏறியிருக்கும். வரித் துறையின் இணையதளத்தில் லாகின் செய்தால் சில நிமிடங்களில் பார்க்கலாம். மாதம் லட்ச ரூபாய் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் அதில் தெரிய வேண்டும். தெரிந்தாலும் அடுத்த கேள்வி இருக்கிறது: இதில் நிறுவனத்துக்கு நீங்கள் திருப்பிக் கட்டியது எவ்வளவு? ஐடி இல்லாத, வெறுமனே பொருள் வாங்கிப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து வந்தது எவ்வளவு? செமினார் டிக்கெட்டில் உங்களுக்குப் பங்கு உண்டா? நேர்மையாகச் சம்பாதிக்கிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "இப்படிக் கேட்கிறவன் ஜெயிக்கவே மாட்டான்" என்று பதில் வந்தால் உங்களுக்குத் தேவையான விடை கிடைத்துவிட்டது.

பொருள் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, விற்கத்தான் போகிறேன் என்றால் விற்கலாம். அப்போது உண்மையைச் சொல்லியே விற்றுப் பாருங்கள்: "நான் சேர்ந்து சில மாசம்தான் ஆகுது. இதுவரை போட்டது இவ்வளவு, வந்தது இவ்வளவு. இந்த சோப்பை என் வீட்டில் பயன்படுத்துறோம், நல்லா இருக்கு. விலை கடையில் கிடைப்பதைவிட அதிகம்தான்." இப்படிச் சொல்லியும் வாங்குகிறவர் உங்கள் வாடிக்கையாளர். ஒருவர்கூட வாங்கவில்லை என்றால், இத்தனை நாள் விற்றது சோப்பை இல்லை என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்குக் கீழே ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் சேர்ந்திருக்கலாம். அவர்களிடம் அறுபதாயிரம் கதையைச் சொல்லியிருந்தால் இந்த வாரமே நேரில் போய் உண்மையான தொகையைச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சேர்ந்து கொஞ்ச நாளே ஆனவருக்கு அந்தத் தகவல் இப்போது கிடைப்பதற்கும் மூன்று மாதம் கழித்துக் கிடைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் விலகுவதற்கான அவகாசமும், பிரிக்காத சரக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடுவும் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து தேதியைப் பாருங்கள். பில், பெட்டி, பணம் கட்டிய ரசீது மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விலகும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அப்லைன் கையில் கொடுத்தால் அது மேலே போய்ச் சேராமலே கெடு முடிந்துவிடும். நிறுவனம் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.